ஆறு திசைகள், ஒரே ஞாயிறு

ஓய்வு உழைத்தவருக்குக் கிடைக்கும் சலுகையா, ஒருவர் இன்னொருவருக்குச் செலுத்த வேண்டிய கடனா என்ற கேள்வி சமய நூல்களில் மிகப் பழையது. இன்றைய பேச்சில் அது ‘வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை’ என்ற பெயரில் வருகிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் மனத்தில் ஒரு தராசு தோன்றும். ஒரு தட்டில் வேலை. மறு தட்டில் குடும்பம், நண்பர்கள், தூக்கம். தராசைப் பிடித்திருப்பவர் அந்த ஒரு மனிதர்தான், தட்டு தாழ்ந்தால் பிழையும் அவருடையதுதான் என்ற எண்ணமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதைக் கோலார் தங்கவயலில் வைத்துப் பார்க்கலாம். அங்கே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மனிதர்களின் நேரம் சங்கு ஊதிப் பங்கிடப்பட்டது. அந்தப் பங்கீட்டைப் பற்றி யோசிக்கத் தேவையான சமய மரபுகளும் அங்கிருந்த சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலேயே குடியிருந்தன.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்ற பிறகு மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், பாலகாட் என்று பெரிய சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. வடகோடியில் இருந்தது பாலகாட். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழர்கள். ஊரில் அவர்கள் படியாட்களாக இருந்தவர்கள். படியாளுக்கு நேரம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்டை கூப்பிட்டால் விடியற்காலை, மாடு ஈன்றால் நடுச்சாமம், அறுவடையில் இருபொழுதும். அவனுடைய உழைப்பு மணிக்கணக்கில் விற்கப்படவில்லை, அவனே ஒப்படைக்கப்பட்டிருந்தான்.

சுரங்க வேலை அதைவிட ஆபத்தானது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3,000 மீட்டரையும் தாண்டிக் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியசைக் கடந்தது. பாறை வெடித்துச் சிதறும் விபத்துகள் ஓயவில்லை. பாறைத் தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயாக மாறியது. ஆனாலும் அங்கே ஷிப்ட் என்ற ஒன்று இருந்தது. கூண்டு மேலே வந்து கதவு திறந்ததும் அடுத்த சங்கு வரை அந்த ஆள் கம்பெனிக்காரன் இல்லை. விற்ற நேரம், விற்காத நேரம் என்று நாள் இரண்டாகப் பிளந்தது. சுரங்கத்தை நரகம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. படியாளின் பேரனுக்கு வரம்பு கட்டிய ஒரு நாளை முதன்முதலாகக் கொடுத்ததும் அந்த நரகம்தான்.

விற்காத அந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் தங்கவயல் வரலாற்றின் வியப்பான பகுதி. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை 1907 வாக்கில் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேர் பிடித்தது. அதே ஆண்டு அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்குத் தங்கவயலில் வாசகர்களும் எழுதுபவர்களும் கிடைத்தார்கள். 1914இல் அவர் மறைந்த பிறகு, 1926 முதல் ‘தமிழன்’ தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடி வெளிவந்தது. சாம்பியன் ரீஃப்பில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை பௌத்த நூல்களை அச்சிட்டது. சுரங்கக் கூலியை நம்பி வாழ்ந்த ஒரு ஊர் இதழும் அச்சகமும் விகாரமும் வைத்து நடத்தியிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழில் ஒரு சொல்லே துணைக்கு வரும். ‘பள்ளி’ என்றால் படுக்கை. பள்ளியறை, பள்ளிகொள்ளுதல் என்பவற்றில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடமும் பள்ளி. பிள்ளைகள் படிக்கும் இடமும் பள்ளி. கிரேக்க மொழியில் ஓய்வைக் குறித்த சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தில் பள்ளிக்கூடத்துக்கான சொல் வந்தது என்று தத்துவ வகுப்புகளில் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உடம்பு கிடக்கும் இடம், மனம் அடங்கும் இடம், அறிவு வளரும் இடம் மூன்றையும் ஒரே சொல்லால் வழங்கிய மொழியில் ஓய்வு என்பது வெறுமனே வேலை இல்லாத நேரமாக இருந்திருக்க முடியாது.

அந்தப் பௌத்தத்தில் துறவிகளுக்கு அல்லாமல் இல்லறத்தாருக்காகவே சொன்ன பகுதி தீக நிகாயம் என்ற தொகுப்பில் உள்ள சிகாலோவாத சுத்தம் என்ற உபதேசம். கதை சிறியது. ராஜகிருகத்தில் சிகாலன் என்ற இளைஞன் விடியற்காலையில் குளித்துவிட்டு, ஈரத் துணியும் ஈரத் தலையுமாக நின்று, கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, கீழ், மேல் என ஆறு திசைகளையும் கும்பிடுகிறான். ஏன் என்று புத்தர் கேட்கிறார். அப்பா சாகும்போது சொல்லிவிட்டுப் போனார், அதனால் செய்கிறேன் என்கிறான். புத்தர் அந்தச் சடங்கை விடச் சொல்லவில்லை. திசைகளுக்குப் பெயர் மாற்றுகிறார். கிழக்கு பெற்றோர். தெற்கு ஆசிரியர். மேற்கு மனைவி மக்கள். வடக்கு நண்பர்கள். கீழ்த்திசை வேலையாட்கள். மேல்திசை துறவிகளும் அந்தணர்களும். ஒவ்வொரு திசைக்கும் ஒருவர் செய்ய வேண்டியது இது, அந்தத் திசை திருப்பிச் செய்ய வேண்டியது இது என்று இருபுறக் கணக்காக உபதேசம் போகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த ஆள் நிற்கும் இடம். தராசு உருவகத்தில் மனிதர் தட்டுகளுக்கு வெளியே இருக்கிறார். எதை எவ்வளவு வைப்பது என்று முடிவு செய்கிறார். திசை உருவகத்தில் அவர் நடுவில் நிற்கிறார். திசைகளை அவர் உண்டாக்கவில்லை, கூட்டவோ குறைக்கவோ முடியாது, ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் பார்க்கவும் முடியாது. கிழக்கே திரும்பினால் மேற்கு முதுகுக்குப் பின்னால் போகும். ஆனால் ஒரு நாள் முடிவதற்குள் ஒரு சுற்று சுற்றி வரலாம். ஒவ்வொரு நாளையும் சரிபாதியாக அறுத்துப் பிரிக்க முடியாதவர்களுக்கு இது நடக்கக்கூடிய கணக்கு.

நண்பர்களைப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இணையாக ஒரு முழுத் திசையில் நிறுத்தியது இந்த உபதேசத்தின் துணிச்சல். வேலை நெருக்கும்போது வாழ்க்கையிலிருந்து முதலில் உதிர்வது நட்பு. பெற்றோருக்கு மருந்துச் சீட்டு இருக்கிறது, பிள்ளைக்குப் பள்ளி மணி இருக்கிறது. நண்பனுக்குக் கெடு எதுவும் கிடையாது. அதனால் அவன் காத்திருப்பான் என்று எல்லோரும் வைத்துக்கொள்கிறார்கள். திருக்குறள் நட்புக்கு ஐந்து அதிகாரங்களை ஒதுக்கி, அதில் ஒன்றைப் பழைமைக்கே கொடுத்திருக்கிறது. நெடுநாள் பழக்கத்தால் நண்பன் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பொறுத்துக்கொள்வது பற்றியது அது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து நிற்கும் ஆளை இன்று தொந்தரவு என்பார்கள். அந்த அதிகாரத்தின் கணக்கில் அவன் நட்பின் சான்று.

கீழ்த்திசைக்கு வரும்போது சுத்தம் தங்கவயலுக்கு மிக நெருங்கி வந்துவிடுகிறது. வேலை கொடுப்பவர் வேலையாளுக்குச் செய்ய வேண்டியவை ஐந்து: உடல் பலத்துக்கேற்ற வேலை தருவது, சோறும் கூலியும் தருவது, நோயில் பார்த்துக்கொள்வது, நல்ல பண்டம் கிடைத்தால் பகிர்வது, உரிய காலத்தில் விடுப்பு தருவது. கடைசியாக வரும் அந்த விடுப்பு வேலையாளின் சுயகட்டுப்பாட்டைப் பற்றியது இல்லை. எசமானின் தர்மத்தைப் பற்றியது. ஓய்வு, அதைக் கொடுக்கும் வசதி உள்ளவர் மேல் சுமத்தப்பட்ட கடமையாகிறது. சட்டம் அந்த இடத்துக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடிய பின், 1890இல்தான் ஆலைகளில் ஞாயிறு விடுமுறை வந்தது. சிலிகோசிஸுக்கு இழப்பீடு தரும் விதிகள் மைசூர் சமஸ்தானத்தில் 1940இல் வந்தன. சுரங்கத்தில் வாரத்துக்கு ஆறு நாளுக்கு மேல் யாரையும் வேலை வாங்கக் கூடாது, நிலத்தடியில் நாளுக்கு 8 மணி நேரம்தான் என்பது 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம்.

சுத்தத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். மேற்குத் திசையில் கணவன் மனைவிக்குச் செய்ய வேண்டியவற்றில் மரியாதை இருக்கிறது, துரோகம் செய்யாமை இருக்கிறது, வீட்டு அதிகாரத்தை ஒப்படைப்பது இருக்கிறது, நகை வாங்கித் தருவதுகூட இருக்கிறது. ஓய்வு இல்லை. மாறாக, எல்லா வேலைகளிலும் சோம்பலின்றித் திறமையாக இருப்பது அவள் திருப்பிச் செய்ய வேண்டியதாக வருகிறது. வேலையாளுக்கு விடுப்பு எழுதிய உபதேசம் மனைவிக்கு எழுத மறந்தது. சுரங்கத்தில் ஷிப்ட் மூன்று. லைன் வீட்டில் அந்த மூன்றுக்கும் அடுப்பு ஒன்று. கணவன் இரவு ஷிப்ட், மகன் காலை ஷிப்ட் என்றிருந்த வீட்டில் ஒருவர் தூங்கும்போது இன்னொருவருக்குச் சோறு வடிக்க வேண்டும், பிள்ளைகளைச் சத்தம் போடாமல் வைத்திருக்க வேண்டும். குழாயடியில் தண்ணீர் பிடிப்பதற்குச் சங்கு ஊதாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கறிக்குழம்பும் விருந்தாளியும் சேர்ந்து வரும். ஆண்களின் ஓய்வு நாள் அவளுக்கு வாரத்தின் கனமான நாள். இன்றும் பெரும்பாலான வீடுகளில் நிலைமை அதுதான்.

ஞாயிறு தங்கவயலுக்குச் சுரங்கத்தோடு வந்த கிழமை. கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள் தங்கள் மெதடிஸ்ட் சபையையும் கொண்டுவந்தார்கள். தொழிலாளர்களில் பலர் கத்தோலிக்கரானார்கள். சாம்பியன் ரீஃப்பின் வெற்றி அன்னை ஆலயம் அந்த மரபின் அடையாளம். ஐரோப்பியருக்கு பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம். தொழிலாளிக்குத் தட்டியும் தகரமுமாக லைன். ஓய்வுக்கென்று கட்டடம் ஒரு பக்கத்துக்கு மட்டும் எழும்பியது. ஆனால் இரு பக்கமும் படித்த வேதநூல் ஒன்று. அதில் ஓய்வு நாள் கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது, இரண்டு காரணங்களோடு. யாத்திராகமத்தில், ஆறு நாளில் உலகைப் படைத்த கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், அதனால் மனிதரும் ஓய வேண்டும். உபாகமத்தில் காரணம் வேறு: நீங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்தீர்கள், அதை மறக்காமல் உங்கள் வேலைக்காரனும் வேலைக்காரியும் உங்களைப் போலவே இளைப்பாறட்டும். முதல் காரணத்தைக் கேட்டு முதலாளியும் தலையாட்டலாம். இரண்டாவது, படியாள் வாழ்விலிருந்து தப்பி வந்தவரின் பேரனுக்கு நேராகப் போய்ச் சேரும்.

அந்தக் கட்டளைக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஆழச் சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்கும் பம்பு ஞாயிறு என்று நிற்க முடியாது. நின்றால் திங்களன்று இறங்குவதற்கு இடம் இருக்காது. யாராவது ஒருவர் காவல் இருந்தால்தான் மற்றவருக்குப் பூசை. மருத்துவமனை, மின்நிலையம், ரயில், சமையலறை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எனவே ஓய்வு நாள் எல்லோருக்கும் ஒன்றாக வர முடியாது. பம்படியில் நிற்பவர் யார், அது முறை வைத்து மாறுகிறதா, எப்போதும் ஒரே ஆளா என்பதில்தான் நீதி இருக்கிறது.

பண்டிகை இதிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. அதை ஒருவர் தனியாக எடுத்துக்கொள்ள முடியாது. அயோத்திதாசர் தமிழர் பண்டிகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பௌத்தப் பொருள் கொடுத்தார். சங்கராந்தியைச் சங்கறர் ஆகிய புத்தரின் அந்தியக் காலம் என்று பிரித்துப் படித்தார். அவருடைய சொற்பிரிப்புகளை மொழியறிஞர்கள் ஒப்புவது கடினம். ஆனால் விடுமுறை என்பது வெறும் சோறும் தூக்கமும் மட்டும் இல்லை, யார் நாம் என்று ஊர் கூடி நினைத்துப் பார்க்கும் நேரம் என்ற அவருடைய உள்ளுணர்வில் தவறில்லை.

இனி மறுபக்க வாதம். எல்லாவற்றையும் கொடுப்பவரின் கடமையாக்கிவிட்டால் ஒருவர் தம்மைத் தாமே நெருக்கிக்கொள்வதற்கு யார் பொறுப்பு? இதற்கும் பௌத்தத்தில் பதில் இருக்கிறது. சோணன் என்ற துறவி, பாதம் கிழிந்து ரத்தம் வரும் அளவுக்கு நடைத் தியானம் செய்துவிட்டு, ஒன்றும் கைகூடவில்லை, வீட்டுக்கே போய்விடலாமா என்று நினைக்கிறான். அவன் முன்பு வீணை வாசித்தவன். நரம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் இசை வருமா, தொய்ய விட்டால் வருமா என்று புத்தர் கேட்கிறார். இந்தக் கதையை மேடையில் சொல்பவர்கள் ‘நடுவழி’ என்று முடித்துவிடுவார்கள். ஆனால் நரம்பைச் சுருதி சேர்ப்பவன் வீணை கையில் உள்ளவன். சோணனின் முறுக்காணி சோணனிடம் இருந்தது. பிறர் கையில் முறுக்காணி இருக்கும் நரம்பிடம் போய் அளவோடு இரு என்று சொல்வதில் பொருளில்லை. கடை முதலாளி, சொந்தத் தொழில் செய்பவர், உயர் அதிகாரி, பதவிக்காகத் தன்னைத் தானே ஓட்டுபவர் ஆகியோருக்குச் சோணன் கதை. ஷிப்ட் ஆளுக்குச் சிகாலன் கதை. இரண்டையும் இடம் மாற்றிச் சொல்வதுதான் இன்றைய அறிவுரைகளில் பெரும்பாலானவற்றின் கோளாறு.

அயோத்திதாசர் ‘திரிக்குறள்’ என்று பெயர் சொல்லிப் பௌத்த நூலாகவே கொண்ட வள்ளுவத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இல்வாழ்வான் பேண வேண்டிய ஐந்தாக முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் என்று நான்கைச் சொல்லிவிட்டு, ஐந்தாவதாகத் தன்னையும் வள்ளுவர் சேர்க்கிறார். பிறருக்குச் செய்வதுதானே அறம், தனக்குச் செய்துகொள்வது எப்படி அறமாகும்? பரிமேலழகர் இதற்குக் காரணம் தருகிறார்: மற்ற எல்லா அறங்களையும் ஒருவர் உயிரோடு இருந்துதான் செய்ய வேண்டியிருக்கிறது, ஆகவே தன்னைக் காப்பதும் அறம். தூங்குவதற்குக் குற்ற உணர்ச்சி கொள்ளும் குடும்பத் தலைவருக்கும் தலைவிக்கும் இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது. ஆனால் வரிசையில் தான் ஐந்தாவது; முதலாவது இல்லை. சிகாலனுக்கு வருமானத்தை நான்காகப் பிரிக்கச் சொன்ன புத்தரும் அதில் ஒரு பங்கைத்தான் அனுபவிக்க ஒதுக்குகிறார். இரண்டு பங்கு தொழிலுக்கு, ஒரு பங்கு ஆபத்துக்காலச் சேமிப்பு. இந்தப் பங்கீட்டை நேரத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்ற ஆசை வரும். அது பொருந்தாது. பணத்தில் நான்காம் பங்கைப் பெட்டியில் வைக்கலாம். மகளின் ஐந்து வயதைப் பெட்டியில் வைத்து ஓய்வுபெற்ற பிறகு எடுக்க வழியில்லை.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு ஒரே நாளில் எல்லா நேரமும் விற்காத நேரமாயிற்று. தத்துவத்துக்கு இது ஒரு சோதனை. உழைப்பின் எதிர்ப்பதம் ஓய்வு என்றால் மார்ச் முதல் தேதி தங்கவயல் இளைப்பாறியிருக்க வேண்டும். நடந்தது வேறு. சங்கு நின்ற ஊரில் ஞாயிறு எது, செவ்வாய் எது என்ற வித்தியாசம் போய்விட்டது. நாளை வேலை உண்டு என்ற உறுதியின் மேல்தான் இன்றைய ஓய்வு நிற்கிறது; அந்த உறுதி போனால் மிஞ்சுவது வெறும் காத்திருப்பு. வேலையில்லாதவர் நண்பர்களைத் தவிர்ப்பார், விருந்துக்குப் போகமாட்டார், தூக்கமும் சரியாக வராது. ஆறு திசைகளும் அப்படியேதான் இருக்கும். அவற்றை நிமிர்ந்து பார்க்கத்தான் அவரால் முடியாது.

இன்றைய தங்கவயல் பெங்களூரை நம்பி வாழ்கிறது. 1894இல் சுரங்கத்துக்காகப் போட்ட பௌரிங்பேட்டை (இன்றைய பங்காருப்பேட்டை)–மாரிக்குப்பம் ரயில் பாதை இப்போது ஆட்களைச் சுமக்கிறது. விடியுமுன் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் கம்பளிக் குல்லாவும் சாப்பாட்டுப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஆட்கள் ஏறுகிறார்கள். காவலாளிகள், செவிலியர், கடைச் சிப்பந்திகள், தையல் ஆலைப் பெண்கள், கணினி நிறுவன ஊழியர்கள். நகரத்துக்குள் போய்ச் சேர ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டு வாசலிலிருந்து வேலை வாசல் வரை போக வரச் சேர்த்து 5 மணி நேரம் என்று வைத்தால், 8 மணி வேலையோடு நாளுக்கு 13 மணி நேரம். 7 மணி நேரத் தூக்கம் போக மிச்சம் 4. குளியல், சாப்பாடு, பிள்ளையின் வீட்டுப்பாடம், அம்மாவின் மூட்டுவலி எல்லாம் அந்த நான்குக்குள். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் வேலைக்காகப் போகும் நேரம் 78 மணி. கூலி கிடைப்பது 48க்கு.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றபோது நாடெங்கும் விவாதம் நடந்தது. மாரிக்குப்பம் ரயிலில் வருபவர் அந்த இலக்கை ஏற்கெனவே தாண்டிவிட்டவர். அதே ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றம், வாரத்துக்கு 48 மணி என்ற வரம்புக்குள் தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடம்தரும் திருத்தத்தை நிறைவேற்றியது. தமிழ்நாடு ஏப்ரலில் அப்படியொரு திருத்தத்தைக் கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. வாரக் கணக்கு மாறவில்லையே, நாளைத்தானே நீட்டுகிறோம் என்பது ஆதரிப்பவர்களின் வாதம். 12 மணி வேலையோடு 5 மணிப் பயணத்தைக் கூட்டினால் 17. மீதி 7இல் தூங்கலாம், அல்லது வீட்டில் விழித்திருக்கலாம், இரண்டும் ஆகாது.

தராசுப் பேச்சு இந்த இடத்தில் வாயடைத்துப் போகிறது. நான்கு மணி நேரத்தை எப்படித் திட்டமிட்டாலும் அது நான்குதான். இதைச் சொல்வதால் தனி மனிதரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. அந்த நான்கில் ஒன்றரையைக் கைப்பேசியில் கரைப்பவரிடம் சோணனின் முறுக்காணி கொஞ்சமாவது இருக்கிறது. ஆனால் வேலை நேரத்தை வகுப்பவர், ரயில் அட்டவணை போடுபவர், வேலையை எந்த ஊரில் வைப்பது என்று தீர்மானிப்பவர், வீட்டில் உட்கார்ந்த இடத்தில் காபி கேட்பவர் ஆகியோரின் பங்கு அதைவிடப் பெரியது. கீழ்த்திசையின் ஐந்தாவது கடமை அவர்களைப் பார்த்துத்தான் சொல்லப்பட்டது.

ரயிலையே திசையாக்கிக்கொண்டவர்களும் உண்டு. தினமும் ஒரே பெட்டி, ஒரே இருக்கை வரிசை. ஒருவர் ஏறவில்லை என்றால் மற்றவர் போன் செய்து கேட்கிறார். ஒருவர் டப்பாவில் கொண்டுவந்த புளிசாதம் நான்கு பேர் கைக்குப் போகிறது. தோளில் சாய்ந்து தூங்குபவரைப் பங்காருப்பேட்டை வந்ததும் தட்டி எழுப்புகிறார்கள். வடக்குத் திசையை வீட்டில் பார்க்க நேரமில்லாதவர்கள் அதைப் பெட்டிக்குள் உண்டாக்கிக்கொண்டார்கள். இதைப் பாராட்டலாம். ஆனால் இதைக் காட்டி, பயணம் ஒன்றும் மோசமில்லை என்று சொல்லிவிடக் கூடாது.

சிகாலன் ஈரத் தலையோடு கிழக்கே திரும்பிக் கும்பிட்டது சூரியன் எழும் வேளையில். அந்த வேளைக்கு மாரிக்குப்பத்தின் முதல் ரயில் புறப்பட்டுப் போயிருக்கும்.